கம்புட் நிலத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லுமா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கிறாராம். அவர் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன்: "அண்ணே, எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஒரு பகுதி கம்புட் நிலம். அதற்குப் பின்னால் காடு. கூகுள் படத்தில் எல்லாமே பச்சைப்பசேல் என்றுதான் தெரிகிறது. ஆனால் மரங்கள் சாய்ந்துகொண்டே போகின்றன. வெயில் காலத்தில் புகை வாசம் வருகிறது. கோயில் கட்டி முப்பது வருஷம் ஆகிறது; கட்டியபோது இரண்டு படி, இப்போது ஆறு படி. செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலம் நன்றாக இருக்கிறதா, கெட்டுக்கொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியுமா? என்னை மாதிரி ஆள் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா?"

முடியும் தம்பி. ஆனால் முதலில் அந்தப் பச்சையை மறந்துவிடுங்கள். அந்தக் கோயில் படியை மட்டும் மறக்க வேண்டாம், கடைசியில் அதற்கு வருகிறேன்.

நானும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில் லயத்தில் பிறந்தவன். அப்புறம் படித்து, வரைபட வேலைக்குப் போய், இருபது வருஷத்துக்கு மேல் செயற்கைக்கோள் படங்களோடு குப்பை கொட்டியாயிற்று. அதில் பாதி வருஷம் கம்புட் நிலம்தான்.

கம்புட் என்பது மலாய்ச் சொல், ஆங்கிலத்தில் பீட். தமிழில் முற்றா நிலக்கரி என்று எழுதுகிறார்கள், தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை மண் என்று சொல்வதே சரியில்லை. இலையும் வேரும் கட்டையும் தண்ணீருக்குள் விழுந்து, காற்றுப் படாததால் மக்க முடியாமல், ஆயிரக்கணக்கான வருஷமாக அடுக்கடுக்காகச் சேர்ந்தது அது. ஈரமாக இருக்கும்போது அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளரும். அதாவது ஒரு மீட்டர் சேர்வதற்கு 500 முதல் 1,000 வருஷம். அதில் கால்வாய் வெட்டித் தண்ணீரை இறக்கினால் காற்று உள்ளே போகும், மக்கத் தொடங்கும், கரியமில வாயுவாகிப் பறக்கும். மிச்சமிருப்பது அமுங்கும். காய்ந்தால் பற்றிக்கொள்ளும். ஆகவே கம்புட் நிலத்துக்கு உடம்பு எப்படி என்று கேட்டால், பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, தரை எவ்வளவு வேகமாக இறங்குகிறது. மேலே என்ன முளைத்திருக்கிறது என்பது அதற்கு அடுத்துத்தான். வம்பு என்னவென்றால், செயற்கைக்கோளுக்கு எளிதாகத் தெரிவது அந்த மேல் விஷயம் மட்டும்தான்.

பச்சைக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அதுதான் என்டிவிஐ. ஒன்றை நெருங்க நெருங்க இலை அடர்த்தி அதிகம். கல்லூரியில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கம்புட் நிலத்தில் முதலில் காலை வாருவதும் இதுதான்.

உரம் போட்டு வளர்த்த செம்பனைக்கு என்டிவிஐ அருமையாக வரும். அடியில் நிலம் ஆண்டுக்கு இரண்டு அங்குலம் இறங்கினாலும் மேலே ஓலை பச்சையாகத்தான் இருக்கும். நெருப்பு எரிந்த இடத்தில்கூட இரண்டு மூன்று மாதத்தில் பாக்கீஸ் என்ற பெரணிச் செடியும் லாலாங் புல்லும் மூடிக்கொள்ளும்; எண் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துண்டுக் காட்டை இப்படித்தான் "நல்ல நிலை" என்று குறித்துக் கொடுத்தேன். என் மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை, "நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். போனேன். மரம் என்று ஒன்று இல்லை. இடுப்பளவு பாக்கீஸ், அதற்குக் கீழே கருகின கட்டைகள். ஓரிடத்தில் கால் வைத்தேன், தொடை வரை உள்ளே போய்விட்டது. வேர் எரிந்துபோன குழி. செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மறுபக்கமும் உண்டு. செம்பனைக்கு இருபத்தைந்து வயது ஆனதும் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். அந்த வருஷத்துப் படத்தில் அந்த இடம் மொட்டையாக, பேரழிவு நடந்த மாதிரி தெரியும். விஷயம் தெரியாதவர் அலறுவார். அதே மாதிரி கம்புட்டில் தாமிரச் சத்துக் குறைந்தாலும் ஓலை மஞ்சளாகும், கனோடெர்மா பூஞ்சை அடித்தண்டைத் தின்றாலும் வாடும். இவை எதையும் வைத்துத் தண்ணீர் மட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பச்சையைத் தாண்டி முதலில் பார்க்க வேண்டியது வடிவம். ஆறு வளையும், ஓடை வளையும். காட்டுக்குள் நேர்கோடு தெரிந்தால் அது மனுஷன் போட்டதுதான். நம் ஊருக்கு வடக்கே இருக்கும் ராஜா மூசா காட்டில் அந்தக் காலத்தில் மரம் வெட்டியவர்கள் கட்டையை மிதக்கவிட்டு வெளியே கொண்டுவரக் கால்வாய் வெட்டினார்கள். மரம் போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள், கால்வாய் மட்டும் இன்னும் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. 2008லிருந்து சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மெண்ட் சென்டர் என்ற அமைப்பும் சேர்ந்து அந்தக் கால்வாய்களை அடைப்பதும், எரிந்த இடத்தில் மரம் நடுவதுமாக இருக்கிறார்கள். கூகுள் எர்த்தில் உங்கள் தோட்டத்துப் பின்னால் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்புக் கோடு தெரியும். கம்புட் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம் அல்லவா, மேலிருந்து பார்த்தால் கறுப்பு. அந்தக் கோட்டின் பாதிப்பு அதன் கரையோடு நிற்காது. பல நூறு மீட்டர் தள்ளி நிற்கும் காட்டின் தண்ணீரையும் அது மெல்ல உறிஞ்சும். அதனால் நான் ஒரு புதுப் படத்தைத் திறந்தால் மரத்தை எண்ணுவதற்கு முன்னால் கோடுகளைத்தான் எண்ணுவேன்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிரிஸ்ப் என்ற மையம் இந்த மாதிரி வேலையைப் பெரிய அளவில் செய்தது. தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ மூன்றிலும் உள்ள கம்புட் நிலம் முழுவதையும் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களில் கண்ணால் பார்த்துப் பிரித்தார்கள். 1990இல் அதில் 76 விழுக்காடு காடாக இருந்தது. 2015இல் மிஞ்சியது 29 விழுக்காடு. கை படாத காடு என்று சொல்லக்கூடியது வெறும் 6 விழுக்காடு. கணினியிடம் விட்டுவிடாமல் மனுஷன் உட்கார்ந்து பார்த்ததற்குக் காரணம், கணினிக்குப் பச்சையெல்லாம் ஒரே பச்சை. நிரை பிடித்து நட்ட பச்சை எது, தானாக வளர்ந்த பச்சை எது என்று கண்ணுக்குத்தான் சட்டென்று தெரியும்.

சரி, ஈரத்துக்கு வருவோம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் 2015லிருந்து சுற்றுகின்றன. 10 மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல், படம் இலவசம். அதில் குற்றலை அகச்சிவப்பு என்று இரண்டு பட்டைகள் உண்டு. இலையிலும் தரையிலும் தண்ணீர் இருந்தால் அந்த ஒளி உறிஞ்சப்பட்டுவிடும்; படத்தில் அந்த இடம் இருண்டு தெரியும். காய்ந்தால் வெளுக்கும். என்டிஎம்ஐ என்ற ஈரப்பத எண் இதிலிருந்துதான் வருகிறது. கம்புட்டில் என்டிவிஐயை விட இதை நான் பத்து மடங்கு நம்புவேன். ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்த்தால் பிரயோஜனம் இல்லை. பிப்ரவரி, மார்ச் வெயிலில் ஒன்று, நவம்பர் மழையில் ஒன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல கம்புட் காட்டில் இரண்டு படத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கால்வாய் வெட்டின இடமோ வெயிலில் ஒரு முகம், மழையில் ஒரு முகம் காட்டும். அந்த ஊசலாட்டம்தான் நோயின் அடையாளம்.

ஆனால் மேகம் இருக்கிறதே! சென்டினல்-2 நம் பக்கம் வருவது மலேசிய நேரப்படி பதினொன்றரை மணி வாக்கில். அந்நேரத்துக்குள் வானத்தில் பஞ்சுப் பொதி கிளம்பிவிடும். ஐந்து நாளுக்கு ஒரு படம் என்று பேர்தான், வருஷத்தில் முழுசாகத் தெளிந்த படம் ஒரு கை விரலில் அடங்கிவிடும். புகைமூட்ட நாளில் கேட்கவே வேண்டாம், எதைப் பார்க்க வேண்டுமோ அதையே புகை மறைத்துவிடும்.

இங்கேதான் ரேடார் வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

ரேடார் செயற்கைக்கோள் சூரிய ஒளிக்குக் காத்திருக்காது. தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கும். மேகமும் புகையும் அதற்குத் தடையில்லை, இரவும் தடையில்லை. சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் நம் பக்கம் காலை ஏழு மணி வாக்கிலோ மாலை ஏழு மணி வாக்கிலோ வரும். காலை ஏழு என்றால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து ஆட்கள் நிரைக்குப் போயிருக்கும் நேரம். அதன் அலை நீளம் 5.6 சென்டிமீட்டர். அந்த அளவு அலை செம்பனை ஓலையிலேயே மோதித் திரும்பிவிடும், தரைவரை போகாது. ஜப்பானின் ஆலோஸ் வகைச் செயற்கைக்கோள்கள் சுமார் 23, 24 சென்டிமீட்டர் அலையை அனுப்புகின்றன. அது இலையைக் கடந்து அடிமரம் வரை இறங்கும். மரத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் தண்ணீரில் பட்டு, தண்டில் பட்டு, இரட்டைத் துள்ளலாகத் திரும்பும். படத்தில் அந்தக் காடு பளிச்சென்று மின்னும். ஆகவே அந்தப் படத்தில் மழைக்காலத்தில் பளிச்சிடும் காடு, காலடியில் தண்ணீர் நிற்கும் காடு. எல்லா மழைக்காலத்திலும் மங்கலாகவே இருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

இதே நீள அலையோடு 2025 ஜூலை 30 அன்று நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோளை அனுப்பியிருக்கின்றன. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். கம்புட் வேலை செய்கிறவர்கள் வருஷக்கணக்கில் இதற்காகத்தான் காத்துக்கிடந்தோம்.

ரேடாரின் பெரிய வித்தை வேறு. ஒரே இடத்தை இரண்டு தேதிகளில் படமெடுத்து, திரும்பி வந்த அலைகளின் மேடுபள்ளத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டால், தரை எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது அல்லது ஏறியது என்று கணக்கிடலாம். இன்சார் என்று பெயர். 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சென்டிமீட்டர் கணக்கு! முதன்முதலில் கேட்டபோது நானே கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். 2020இல் அலிசன் ஹோய்ட் என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் இதே முறையில் தென்கிழக்கு ஆசியாவில் 2.7 மில்லியன் ஹெக்டர் கம்புட் நிலத்தை அளந்து வெளியிட்டார்கள். பழைய ஆலோஸ் செயற்கைக்கோள் 2007க்கும் 2011க்கும் இடையில் எடுத்த படங்கள் அவை. 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிலம் இறங்கிக்கொண்டிருந்தது. சராசரி, ஆண்டுக்கு 2.24 சென்டிமீட்டர்.

இப்போது உங்கள் கோயில் படிக்கு வாருங்கள். இரண்டு படி ஆறு படியாயிற்று என்றால் நான்கு படி கூடியிருக்கிறது. படிக்கு 16, 17 சென்டிமீட்டர் என்று வைத்தால் 65 சென்டிமீட்டர் சொச்சம். முப்பதால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விண்வெளியிலிருந்து அளந்தவர்கள் சொன்ன சராசரிக்கும் உங்கள் அம்மன் கோயில் வாசலுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். ஓர் ஊர்க் கோயிலை வைத்து எல்லா நிலத்தையும் எடை போட முடியாது, ஆனாலும் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அந்தக் கோயில் ஏன் நிலத்தோடு சேர்ந்து இறங்கவில்லை? கட்டியவர்கள் விவரமானவர்கள். கம்புட்டைத் தாண்டி, அடியிலிருக்கும் களிமண் வரை தூண் இறக்கியிருக்கிறார்கள். கோயில் நிற்கிறது, நிலம் கீழே போகிறது. ஆகவே படி கூடுகிறது. இதில் ஒரு வேடிக்கை. ரேடாருக்குக் கான்கிரீட் கட்டடம் என்றால் கொள்ளைப் பிரியம், பளிச்சென்று நிலையாக எதிரொலிக்கும். செம்பனை ஓலையோ காற்றில் ஆடி, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பதில் சொல்லும். எனவே நிலையான புள்ளிகளை மட்டும் பொறுக்கும் முறையில் கணக்குப் போட்டால், உங்கள் பக்கத்தில் அது பிடித்துக்கொள்வது அந்தக் கோயில், ஆபீஸ் கட்டடம், ஆலை மாதிரியான இடங்களைத்தான். அவையெல்லாம் தூண்மேல் நிற்பவை. கடைசியில் அறிக்கை "இங்கே நிலம் அசையவில்லை" என்று சொல்லும்! தோட்டத்தில் இறங்கி நடக்காத ஒருவர் அதை அப்படியே நம்பிவிடுவார். நீண்ட அலை, நிறைய படங்கள், கட்டடம் அல்லாத இடங்களையும் சேர்த்துக்கொள்ளும் கணக்கு, இவை இல்லாமல் கம்புட்டில் இன்சார் முடிவை யார் நீட்டினாலும் வாங்கி மேசை டிராயரில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கம்புட் மூச்சு விடும். மழையில் உப்பும், வெயிலில் அமுங்கும், அடுத்த மழையில் திரும்ப ஏறும். பிப்ரவரிப் படத்தையும் நவம்பர்ப் படத்தையும் மட்டும் வைத்து "நிலம் வளர்கிறது" என்று சொன்னால் அபத்தம். பல வருஷத்துத் தொடரில்தான் மூச்சு எது, இறக்கம் எது என்று பிரியும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமும் ரேடார் அலையைத் தாமதப்படுத்திச் சில சென்டிமீட்டர் பொய் சொல்ல வைக்கும். அதற்கும் மருந்து, நிறைய படங்களை அடுக்குவதுதான்.

நெருப்பைப் பற்றிச் சுருக்கமாக. நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் வெப்பப் புள்ளிகளை யாரும் பார்க்கலாம். மோடிஸ் கருவியின் புள்ளி 1 கிலோமீட்டர், விர்ஸ் கருவியின் புள்ளி 375 மீட்டர். அந்தப் புள்ளி இருக்கும் இடத்திலேயே நெருப்பு என்று அர்த்தமில்லை, அந்தச் சதுரத்துக்குள் எங்கோ ஒரு சூடு, அவ்வளவுதான். கம்புட் நெருப்பு தரைக்கடியில் கனன்று ஓடும். புகை மலை மாதிரி வரும், தீநாக்கு தெரியாது. அதனால் புள்ளி விழவில்லை என்பதற்காக நெருப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் மூக்கை நம்புங்கள். 2005 ஆகஸ்டில் கோலா சிலாங்கூர் மாவட்டத்திலும் கிள்ளான் துறைமுகத்திலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசர நிலை அறிவித்தார்களே, நீங்கள் சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்த புகை. ஃபர்ம்ஸின் உண்மையான மதிப்பு பழைய பதிவுகளில்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் வருஷம் விட்டு வருஷம் புள்ளி விழுகிறதென்றால் அங்கே தண்ணீர் மட்டம் திரும்பவே இல்லை.

செயற்கைக்கோளுக்கு அடியோடு முடியாதது ஆழம். கம்புட் எத்தனை மீட்டர் கனம் என்று எந்தப் படமும் நேரடியாகச் சொல்லாது. அதற்குத் துளைக்கருவியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் கூகுள் எர்த்தில் காலத்தைப் பின்னால் நகர்த்தும் வசதியைத் திறந்து, 1980களின் கடைசியிலிருந்து உங்கள் இடம் எப்படி மாறியது என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். பழைய படங்கள் மங்கல்தான், ஆனால் எந்தக் கால்வாய் எப்போது வந்தது என்பது தெரிந்துவிடும். அடுத்து கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இலவசத் தளம். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். அதில் சென்டினல்-2 ஈரப்பதப் படத்தைத் தேர்ந்து, நான் சொன்ன இரண்டு பருவங்களையும் பாருங்கள், நான்கைந்து வருஷத்துக்கு. காடும் தோட்டமும் சந்திக்கும் எல்லையில் கண் வையுங்கள். வெளுப்பு வருஷாவருஷம் காட்டுக்குள் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. இன்சார் கணக்கை வீட்டில் போட வேண்டாம், அது உங்களுக்குத் தலைவலி.

அப்புறம் தரை வேலை. ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றைக் கால்வாயிலிருந்து தள்ளி, நிரைக்கு நடுவில் இறக்குங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்று எழுதுங்கள். செம்பனைக்கு 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீரை நிறுத்தினால் விளைச்சலும் கெடாது, நிலமும் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு மீட்டருக்குக் கீழே போயிருந்தால் மேனேஜரிடம் பேசலாம். மதகுப் பலகையை ஏற்றுவது பெரிய செலவில்லை. "மரம் சாய்கிறது, குலை வெட்ட ஆள் திண்டாடுகிறார்கள்" என்று ஆரம்பியுங்கள். கரியமில வாயுவில் ஆரம்பித்தால் தேநீர் குடித்துவிட்டு அனுப்பிவிடுவார்.

கோயில் தூணில் இன்றைக்கே தரை தொடும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதிவிடுங்கள். களிமண்ணில் ஊன்றிய தூண், அதைவிட நல்ல அளவுகோல் எங்களிடமே கிடையாது. பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திருவிழாவுக்கு வெள்ளை அடிக்கும்போது அதை அழித்துவிடப் போகிறார்கள். வருஷா வருஷம் ஒரே மாதத்தில் அளந்து எனக்கு அனுப்புங்கள். நிசார் படங்கள் இரண்டு மூன்று வருஷத்துக்குச் சேர்ந்ததும் உங்கள் கோட்டோடு வைத்துப் பார்க்கிறேன்.